கையில் மதமதப்பு, கோளாறு காரை எலும்புக்கு அடியில்

சுண்டுவிரலும் மோதிர விரலும் அடிக்கடி மரத்துப் போகின்றன, கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் இரண்டு நிமிடத்தில் கை கனத்துத் தொங்குகிறது, தலை சீவி முடிப்பதற்குள் தோள் ஓய்ந்துவிடுகிறது என்று ஒருவர் டாக்டரிடம் போனால், பேச்சு பெரும்பாலும் கழுத்து எலும்புத் தேய்மானத்தில்தான் ஆரம்பிக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஏதாவது ஒரு தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவர்களில் பலருக்கும் அது இருக்கும். அந்தப் படத்தை வைத்துக் கழுத்துப் பட்டை, மாத்திரை, டிராக்‌ஷன் என்று சிகிச்சை நகரும். பலருக்கு அது சரியான முடிவாகவே இருக்கிறது. ஒரு சிலருக்கு மட்டும் நரம்பு நசுங்கும் இடம் கழுத்து எலும்புக்குள் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே இருக்கிறது. அங்கே யாரும் பார்க்காததால் வருடக்கணக்கில் போய்விடுகிறது. தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று இதைச் சொல்கிறார்கள், சுருக்கமாக டி.ஓ.எஸ். இந்தப் பெயரை வைத்தவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள், 1956-ல். நோய் அதைவிட ரொம்பப் பழையது.

இது கையை எப்படிப் பாதிக்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பது இடத்தின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

காரை எலும்புக்கு மேலே, கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் குழியில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் ஆழத்தில் ஒரு துடிப்பு தட்டுப்படும். கைக்கு ரத்தம் கொண்டுபோகிற சப்கிளேவியன் தமனி அது. அதை ஒட்டியேதான் கையின் நரம்புகள் எல்லாம் இறங்குகின்றன. கழுத்திலிருந்து சி5, சி6, சி7, சி8 என்று நான்கு நரம்பு வேர்கள், மார்புத் தண்டுவடத்தின் முதல் வேரான டி1 ஒன்று, ஆக ஐந்தும் சேர்ந்து பிரிந்து மறுபடி சேர்ந்து ஒரு பின்னலாகிக் கைக்குள் போகின்றன. தோளைத் தூக்குவதிலிருந்து சட்டைப் பொத்தான் போடுவது வரை கையின் அசைவும் உணர்ச்சியும் கிட்டத்தட்ட முழுக்க இந்த ஒரு பின்னல் வழியாகத்தான் போய்வருகின்றன.

போகும் வழியில் மூன்று நெருக்கமான இடங்கள் உண்டு. முதலாவது, கழுத்தின் பக்கத்தில் முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்ற இரண்டு தசைகளுக்கும் அடியிலுள்ள முதல் விலா எலும்புக்கும் நடுவே இருக்கும் முக்கோண இடுக்கு. நரம்புப் பின்னலும் தமனியும் இதன் வழியாகப் போகின்றன, கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை மட்டும் முன் ஸ்கேலீன் தசைக்கு முன்னால் தனியாகப் போகிறது. இரண்டாவது, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இங்கே மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. மூன்றாவது, தோளின் முன்பக்கத்தில் பெக்டோராலிஸ் மைனர் என்ற சின்னத் தசைக்கு அடியில். கையைத் தூக்கும்போதும் தோளைப் பின்னுக்கு இழுக்கும்போதும் கனமான பையை மாட்டும்போதும் இந்த இடைவெளிகள் இன்னும் குறுகுகின்றன. எல்லோருக்கும் குறுகத்தான் செய்யும். பிறவியிலேயே இடம் குறைவாக இருப்பவர்களுக்கு, அல்லது ஒரு விபத்தில் கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடி ஸ்கேலீன் தசைகள் காயப்பட்டுத் தழும்பேறியவர்களுக்கு, அது தொல்லையாக மாறுகிறது. காரை எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தாலும் இதே கதைதான்.

பிறவிக் காரணங்களில் முக்கியமானது கழுத்து விலா எலும்பு. மார்பில் பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள் இருக்க வேண்டும், சிலருக்குக் கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்தும் ஒன்று கூடுதலாக முளைத்திருக்கும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், பெண்களிடம் அதிகம், இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் வராது. இன்னும் சிலருக்கு எலும்பாக வளராமல் ஒரு முரட்டு நாராக மட்டும் இருக்கும், அந்த நார் எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் அது தொடங்குகிற இடத்தில் எலும்பின் முனை வழக்கத்தைவிட நீண்டிருப்பது தெரியும், விஷயம் தெரிந்த கண்ணுக்கு அது போதும். 1861-லேயே லண்டனில் ஹோம்ஸ் கூட் என்ற அறுவை மருத்துவர் இப்படி ஒரு கழுத்து விலா எலும்பை வெட்டி எடுத்திருக்கிறார், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு முப்பது வருடங்களுக்கும் முன்னால்.

சரி, ஐந்து வேர்களில் அடி வாங்குவது ஏன் பெரும்பாலும் கடைசி இரண்டு? டி1 வேர் மார்புக்கூட்டின் உள்ளேயிருந்து மேலே ஏறி, முதல் விலா எலும்பின் மேல் வளைந்து, அப்புறம் கைக்கு இறங்குகிறது. மற்ற வேர்கள் மேலிருந்து கீழே சாய்வாக வருகின்றன, இது மட்டும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கூடுதல் எலும்போ நாரோ இருந்துவிட்டால் ஏற வேண்டிய உயரம் இன்னும் கூடுகிறது, ஒவ்வொரு தடவை கை கீழ்நோக்கி இழுபடும்போதும் கிணற்றின் கல் விளிம்பில் கயிறு உரசுவதுபோல நரம்பு அந்த விளிம்பில் உரசுகிறது. டி1-க்கு அதிகம், அதோடு சேரும் சி8-க்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் நோயின் அறிகுறிகள் முக்கால்வாசி விளங்கிவிடும்.

நரம்பு நசுங்கினால் உள்ளே என்ன நடக்கிறது? நரம்புக்கும் சாப்பாடு வேண்டும். அதன் உறைகளுக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, 20 முதல் 30 மி.மீ. பாதரச அளவுக்கு வெளி அழுத்தம் வந்தாலே அந்தக் குழாய்களிலிருந்து ரத்தம் வெளியேறுவது மந்தமாகிவிடும். ரத்த அழுத்தக் கருவியில் நாம் பார்க்கும் 120, 80 எண்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்ன அழுத்தம் என்று தெரியும். இழுபடுவதும் அப்படித்தான். 1970களில் சுவீடனில் முயல்களில் செய்த ஆய்வுகளில், நரம்பு அதன் நீளத்தில் 8 சதவீதம் இழுபட்டபோதே ரத்த ஓட்டம் தடுமாறியது, 15 சதவீதத்தில் அனேகமாக நின்றுபோனது. ரத்தம் குறைந்தால் முதலில் வருவது மதமதப்பு. கையை இறக்கினால், நிலையை மாற்றினால் போய்விடும், நரம்பில் எந்தத் தடமும் இருக்காது. இதே அழுத்தம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெலிகிறது, செய்தி போகும் வேகம் குறைகிறது. உறைக்குள் நீர் கோத்து, நாளடைவில் தழும்பாக மாறி, நரம்பு பக்கத்துத் தசையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட நரம்புக்கு நழுவ இடம் இல்லை, அதனால் கை அசையும்போதெல்லாம் இன்னும் இழுபடுகிறது. கடைசிக் கட்டத்தில் இழைகளே அறுந்து சாகின்றன.

முதல் இரண்டு கட்டங்களிலிருந்து நரம்பு திரும்பி வரும், அழுத்தம் போனால் மயலின் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி உருவாகிவிடும். இழை செத்த பிறகு கணக்கே வேறு. செத்த நரம்பிழை மறுபடி வளரும் வேகம் நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. காரை எலும்பிலிருந்து உள்ளங்கைத் தசை வரை வளர்ந்தவர் ஒருவருக்கு 70 செ.மீ. தூரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 700 நாட்கள், அதாவது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நரம்பின் தொடர்பு இல்லாத தசையோ ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது, அதற்குள் சுருங்கி, நாரும் கொழுப்புமாக மாறிவிடும். நரம்பு போய்ச் சேரும்போது அங்கே அதை வாங்கிக்கொள்ளத் தசை இருக்காது. மணிக்கட்டில் நசுங்கும் நரம்புக்கு, அதாவது கார்ப்பல் டனலுக்கு, இந்தப் பிரச்சினை இவ்வளவு கடுமையாக இல்லை, அங்கே தூரம் சில சென்டிமீட்டர்தான். தோளுக்கு மேலே நசுங்கும் நரம்புக்கு நாள் கடத்துவது இதனால்தான் இவ்வளவு ஆபத்தாகிறது.

கை எப்படிச் சூம்புகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி மேசையில் வைத்தால் கட்டைவிரலின் அடியில் ஒரு சதை மேடு இருக்கும். இந்த நோய் முற்றியவர்களுக்கு அந்த மேட்டின் வெளி ஓரம் முதலில் தட்டையாகும், அப்புறம் குழியாகும். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து செங்குத்தாக மேலே தூக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். பிறகு சுண்டுவிரல் பக்கத்து மேடும், புறங்கையில் விரல் எலும்புகளுக்கு நடுவே உள்ள சதையும் வற்றி எலும்புகள் துருத்தும். சாவியைத் திருப்ப முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது, பேனா நழுவும். ஆனால் வாளியைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம், தோள் பலம் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவற்றுக்குப் போகும் மேல் வேர்களை யாரும் தொடவில்லை. லண்டனில் ரோஜர் கில்லியட்டும் அவருடைய சகாக்களும் இந்தக் கையை 1970-ல் விவரமாகப் பதிவு செய்தார்கள், கில்லியட்-சம்னர் கை என்று இன்றும் பெயர் நிலைத்திருக்கிறது. இதில் குழப்புகிற விஷயம், சூம்புவது கட்டைவிரல் பக்கம், மரத்துப் போவது சுண்டுவிரல் பக்கம். கட்டைவிரல் தசைக்குப் போகும் இழைகளும் சுண்டுவிரல் தோலுக்குப் போகும் இழைகளும் கையில் வேறு வேறு நரம்புகளில் ஓடினாலும், காரை எலும்புக்குப் பின்னால் அவை டி1, சி8 என்ற பக்கத்துப் பக்கத்து வேர்கள்தான். இரண்டையும் சேர்த்துக் கெடுக்கக்கூடிய இடம் வேறு அதிகம் இல்லை.

இப்படிச் சூம்பும் அளவுக்குப் போவது அரிது. டி.ஓ.எஸ். என்று கண்டறியப்படுபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நரம்பு வகைதான், அவர்களிலும் பெரும்பாலானோருக்கு வலி, மதமதப்பு, கையைத் தூக்கினால் வரும் களைப்பு என்ற அளவிலேயே நிற்கிறது. மீதியிருப்பது இரண்டு ரத்தக்குழாய் வகைகள். எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம்.

சிரை நசுங்கினால் கை திடீரென்று வீங்கும், நீலம் பூக்கும், தோளிலும் மார்பின் மேல்பகுதியிலும் சிரைகள் புடைத்துத் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்தில் கனம் தூக்குகிற, நீச்சல் அடிக்கிற இளவயதினருக்கு முதல்நாள் நன்றாக இருந்த கை மறுநாள் காலை இப்படி இருக்கலாம். ஜேம்ஸ் பேஜெட் 1875-லும் லியோபோல்ட் ஃபான் ஷ்ரோட்டர் 1884-லும் எழுதி வைத்ததால் இருவர் பெயரையும் சேர்த்தே இதைச் சொல்கிறார்கள். சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கும், அது நுரையீரலுக்குப் போகலாம், எனவே அன்றைக்கே மருத்துவமனை. முதல் இரண்டு வாரத்துக்குள் குழாய் செலுத்தி உறைவைக் கரைப்பது எளிது, பிறகு கடினம். கரைத்தபின் நசுக்கிய விலா எலும்பை எடுக்காமல் சிரைக்குள் ஸ்டென்ட் வைத்தால் அந்த ஸ்டென்டும் எலும்புகளுக்கு நடுவே நசுங்கிப் போகும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

தமனி வகை நூற்றில் ஒன்று. அதன் விலை என்ன என்பதற்கு ஜே.ஆர். ரிச்சர்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர், ஆறடி எட்டு அங்குல உயரம், 1978-ல் 303 பேரையும் 1979-ல் 313 பேரையும் ஸ்டிரைக் அவுட் செய்தவர், அதாவது மட்டையால் அடிக்க விடாமலே ஆட்டமிழக்க வைத்தவர். 1980-ன் பாதியில் அவர் வாழ்க்கையிலேயே சிறப்பாக வீசிக்கொண்டிருந்தார், அந்த ஜூலை 8-ம் தேதி ஆல்-ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அதற்குள்ளேயே கை செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார், பாதி ஆட்டத்தில் வெளியே வந்தார். பத்திரிகைகளில் பேச்சு வேறு மாதிரிப் போனது. சோம்பேறித்தனம் என்றார்கள், சக வீரர் நோலன் ரயனுக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தின் மேல் பொறாமை என்றார்கள். ஜூலை 14-ம் தேதி ஆட்டத்தில் எதிரே பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சர் விரலால் காட்டும் சைகையைப் பார்க்கவே சிரமப்பட்டார். ஜூலை 23 மருத்துவமனையில் சேர்ந்தார், 25-ம் தேதி எடுத்த ஆஞ்சியோகிராமில் வலது கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருப்பது தெரிந்தது. கழுத்துத் தமனிகள் சரியாக இருக்கின்றன, உடனே அறுவை சிகிச்சை தேவையில்லை என்று முடிவானது. ஜூலை 30-ம் தேதி மைதானத்தில் லேசான பயிற்சியில் பந்து வீசிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தார். பக்கவாதம், உடலின் இடது பக்கம் செயலிழந்தது. வயது 30.

வலது கையில் இருந்த அடைப்பு மூளைக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். உடலின் வலது பக்கத்தில் கைத் தமனியும் மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியும் ஒரே அடிமரத்திலிருந்து கிளைக்கின்றன. கைத் தமனியில் உறைந்த ரத்தம் பின்னோக்கி வளர்ந்து அந்தக் கிளைப்பிடத்தை எட்டினால் மூளைக்குப் போகும் வழி திறந்துவிடுகிறது. மூளையின் வலது பாதி உடலின் இடது பாதியை ஆள்வதால் இடது பக்கம் விழுந்தது. பின்னால் செய்த பரிசோதனைகளில் அவருக்குத் தமனி வகை டி.ஓ.எஸ். இருந்தது தெரியவந்தது, பந்தை வீசக் கையை உயர்த்தும்போதெல்லாம் காரை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவே தமனி நசுங்கியிருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கில் அவர் மறுபடி ஒரு பந்துகூட வீசவில்லை. 1990களில் ஹூஸ்டனில் ஒரு பாலத்துக்கு அடியில் குடியிருந்தார், பிறகு மீண்டு வந்து 2021-ல் காலமானார். கை ஓய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

நம்பாமல் போவது இந்த நோயில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2017-ல் அமெரிக்கக் கூடைப்பந்தின் என்.பி.ஏ. தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட மார்கெல் ஃபுல்ட்ஸ் கூடைக்குள் பந்து போடும் விதமே திடீரென்று மாறிப்போனது. மனப் பிரச்சினை என்று ஊரே பேசியது. 2018 டிசம்பரில்தான் நரம்பு வகை டி.ஓ.எஸ். என்று கண்டறிந்தார்கள். விளையாட்டு வீரர்கள் பெயர்தான் வெளியே தெரிகிறது. நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்யும் பெயிண்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், முடிதிருத்துபவர்கள், தோளில் வயலினை அணைத்து வாசிப்பவர்கள் எல்லோருக்கும் இது வரலாம்.

சந்தேகத்துக்கு ஒரு நியாயமான பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1966-ல் அக்குள் வழியாக முதல் விலா எலும்பை எடுக்கும் அறுவை முறையைக் கொண்டுவந்த டேவிட் ரூஸ், இந்த நோயை மருத்துவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று வாதிட்டார். கிளீவ்லாந்தைச் சேர்ந்த நரம்பு மருத்துவர் ஏசா வில்போர்ன், தேவையில்லாதவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டி எலும்பை எடுக்கிறார்கள் என்றார். 1990-ல் இருவரும் ஒரே மருத்துவ இதழில் எதிரெதிராக எழுதினார்கள். வில்போர்னுக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது, அந்த அறுவையிலேயே நரம்புப் பின்னல் கடுமையாகக் காயப்பட்ட நோயாளிகளை அவர் பார்த்திருந்தார். இருவரும் பேசியது ஒரே நோயைப் பற்றிக்கூட இல்லை என்று சொல்லலாம். தசை சூம்பி, சோதனையில் தெளிவாகத் தெரியும் அரிய வகையை வில்போர்ன் ஒப்புக்கொண்டார். வலியும் மதமதப்பும் மட்டும் இருந்து, சோதனை எல்லாம் சரியாக வருகிற பெரிய கூட்டத்தைப் பற்றித்தான் தகராறு, அது இன்றும் முழுதாகத் தீரவில்லை.

தீராததற்குக் காரணம், இதை அடித்துச் சொல்லும் ஒரே ஒரு சோதனை கிடையாது. பழைய முறையில் தலையைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மணிக்கட்டில் நாடி மறைகிறதா என்று பார்ப்பார்கள், ஆட்சன் சோதனை என்று பெயர். நல்ல ஆரோக்கியமானவர்களில் பலருக்கும் அப்படி மறையும், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ரூஸ் சொன்ன சோதனை கொஞ்சம் மேல். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, சரணடைபவரைப் போல நின்று, மூன்று நிமிடம் விரல்களை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். நோய் உள்ளவருக்கு ஒரு நிமிடத்துக்குள்ளேயே முன்கை கனக்கும், உட்பக்கம் மரத்து வரும், விரல்கள் தடுமாறும், மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாமல் கையைப் போட்டுவிடுவார். வெறும் களைப்பு யாருக்கும் வரும். அவர் வழக்கமாகச் சொல்லும் அதே தொல்லை அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நரம்புக் கடத்தல் சோதனை செய்தும் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. அந்தச் சோதனை செத்த இழைகளையும் உறை மெலிந்த இழைகளையும் கண்டுபிடிக்கும், கையைத் தூக்கும்போது மட்டும் நசுங்கி இறக்கியதும் சரியாகிவிடும் நரம்பைக் கண்டுபிடிக்காது. அதோடு, வழக்கமான சோதனையில் முன்கையின் உட்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பை அளப்பதில்லை. அதில் பெரும்பாலும் டி1 இழைகளே ஓடுகின்றன, இந்த நோயில் சீக்கிரம் கெடுவது அதுதான், எனவே சந்தேகம் இருந்தால் இரண்டு கையிலும் அதைச் சேர்த்து அளக்கும்படி கேட்கலாம். அதே நரம்புதான் முழங்கைக் கோளாறிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் உதவுகிறது. முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்கினால் மதமதப்பு சுண்டுவிரலோடும் உள்ளங்கை ஓரத்தோடும் மணிக்கட்டை ஒட்டியே நின்றுவிடும், முன்கை வரை ஏறாது. முன்கையின் உட்பக்கமும் மரத்தால் கோளாறு மேலே இருக்கிறது. மணிக்கட்டு நசுங்கலில் மரப்பது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.

இதை வேறொன்றோடு குழப்பிக்கொண்டால் ஆபத்தான இடங்களும் இருக்கின்றன. நுரையீரலின் உச்சியில் வளரும் புற்றுக்கட்டி இதே டி1, சி8 வேர்களைத்தான் முதலில் பிடிக்கும். புகைப்பிடிப்பவருக்குத் தோளிலிருந்து கையின் உட்பக்கமாக இறங்கும் விடாத வலியும், அந்தப் பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தால் அன்றைக்கே மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருபது வயதையொட்டிய பையனுக்கு வலியோ மதமதப்போ இல்லாமல் ஒரு கை மட்டும் சூம்பினால் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்படும் ஹிராயாமா நோயை நினைக்க வேண்டும், ஜப்பானில் 1959-ல் விவரிக்கப்பட்டது, இந்தியாவிலும் பார்க்கிறார்கள். நம் ஊரில் தொழுநோயையும் மறக்கக் கூடாது, முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்கெல்லாம் முன்னால், கழுத்துக்கும் மார்புக்கும் சாதாரண எக்ஸ்ரே. கூடுதல் எலும்பு இருக்கிறதா என்பது அந்தச் சில நூறு ரூபாய் படத்திலேயே தெரிந்துவிடும், எம்.ஆர்.ஐ.க்கு ஓடுகிறவர்கள் பலர் இதை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

சிகிச்சை நரம்பு வகைக்குப் பெரும்பாலும் பிசியோதெரபியில் தொடங்குகிறது, சூம்பல் இல்லாதவரை அதுதான் சரி. மார்பை மட்டும் உயர்த்தி மூச்சு விடும் பழக்கம் ஸ்கேலீன் தசைகளை நாள் முழுக்க வேலை வாங்குகிறது, வயிறு எழும்பி இறங்கும்படி மூச்சு விடக் கற்றுக்கொள்வது முதல் பாடம். பிறகு மார்பின் முன்பக்கத் தசையை நீட்டுவது, தோள்பட்டை எலும்பைத் தாங்கும் பின்பக்கத் தசைகளைப் பலப்படுத்துவது, நரம்பை வலிக்காமல் மெல்ல நழுவவிடுவது. கனம் தூக்கிப் பலப்படுத்துகிறேன் என்று அவசரப்பட்டால் கூடிவிடும், இதைத் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் போவது முக்கியம். தலைக்கு மேலே கையை வைத்துத் தூங்குவதையும் ஒரே தோளில் கனமான பை மாட்டுவதையும் விட்டாலே சிலருக்குப் பாதி குறைகிறது. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் அடுத்ததை யோசிக்கலாம்.

அந்த அடுத்தது ஸ்கேலீன் தசைக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது. ஊசிக்குப் பின் சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால் நோய் இதுதான் என்பதற்கு அது ஒரு சாட்சி, அறுவை பலன் தரும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். 2016-ல் அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்களின் சங்கம் வகுத்த வரையறையிலும் இந்த ஊசி நான்கு சாட்சிகளில் ஒன்றாக இருக்கிறது. மற்ற மூன்று, காரை எலும்புப் பகுதியில் அழுத்தினால் வலிப்பது, கையில் அந்தந்த இடத்தில் அறிகுறி இருப்பது, வேறு நோய் எதுவும் பொருந்தாமல் போவது. நான்கில் மூன்று வேண்டும்.

அறுவையில் முதல் விலா எலும்பை எடுப்பார்கள், ஸ்கேலீன் தசைகளை வெட்டுவார்கள், கூடுதல் எலும்போ நாரோ இருந்தால் அதையும் அகற்றுவார்கள், நரம்பைச் சுற்றிய தழும்பை விடுவிப்பார்கள். அக்குள் வழியாகவும் போகலாம், காரை எலும்புக்கு மேலிருந்தும் போகலாம். நுரையீரல் உறைக்குள் காற்று புகுவது, மூச்சுக்கான ஃபிரெனிக் நரம்பு காயப்படுவது, அரிதாகப் பின்னலே காயப்படுவது என்று ஆபத்துகள் உண்டு, அதனால் இதையே வழக்கமாகச் செய்கிற மருத்துவரைத் தேடிப் போக வேண்டும், தூரமானாலும் பரவாயில்லை. நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வலியும் மதமதப்பும் குறைகின்றன. பழைய பலம் முழுதாக வருமா என்பது வேறு கேள்வி, அமெரிக்க பேஸ்பாலின் 2019 உலகத் தொடரில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2021 ஜூலையில் இந்த அறுவை செய்துகொண்டு, அதன்பின் ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டத்தில்தான் பந்து வீச முடிந்தது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வீசும் கை கேட்பதும் துணி காயப்போடும் கை கேட்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தசை சூம்பிய பிறகு அறுவைக்கு வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், வலி போகும், சூம்பல் மேலும் கூடாமல் நிற்கும், போன சதை பெரும்பாலும் திரும்பாது. அவர்களுக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. மேல் வேர்களிலிருந்து நரம்பு பெறும், பலம் குறையாத ஒரு தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டைவிரலில் பொருத்தினால் கட்டைவிரல் மறுபடி மற்ற விரல்களுக்கு எதிரே வந்து பிடிக்கும். தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு இந்த மாதிரி நாண் மாற்று அறுவைகளை வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியிலேயே பால் பிராண்ட் செய்யத் தொடங்கியிருந்தார். அறுவை முடிந்ததும் கட்டுப் பிரித்து, வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசையைக் கட்டைவிரல் வேலைக்குப் பழக்க வேண்டும், பொத்தான், சாவி, பேனா என்று ஒவ்வொன்றாக, சில மாதங்கள் பிடிக்கும்.